காமினோ போகிறீர்களா? முத்திரைப் புத்தகத்தைக் கவனியுங்கள்

ஸ்பெயினின் சந்தியாகோ தே கம்போஸ்தேலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதைதான் காமினோ. அதில் நடந்து போகிறவர்கள் காலணி, பை என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். வழியெல்லாம் முத்திரை குத்தி வாங்கும், கிரெடென்சியல் எனப்படும் அந்த மடிப்பு அட்டையை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடுவார்கள். யாத்திரைச் சான்றிதழ் கிடைப்பதே அதை வைத்துத்தான்.

குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். சைக்கிள் என்றால் 200. சந்தியாகோவிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும் சாரியா ஊரிலிருந்து நிறையப் பேர் கிளம்புவது இந்தக் கணக்கில்தான். சிக்கல் எங்கே என்றால், இந்தத் தூரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும். இரவு தங்கும் ஆல்பெர்கேயில் (யாத்ரீகர் விடுதியில்) ஒன்று தானாகவே கிடைத்துவிடும். இன்னொன்றுக்கு மாலைவரை காத்திருக்காதீர்கள். காலையில் காபி குடிக்கிற கடையிலேயே கேட்டால் குத்திக் கொடுப்பார்கள். பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கும். தேதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையோடு எழுதச் சொல்லுங்கள்.

சந்தியாகோ இருக்கும் கலீசியா பகுதியில் மழைக்குக் குறைவில்லை. அட்டையை ஜிப் கவரில் போட்டு, சட்டென்று எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

முத்திரை வாங்கும் வழக்கம் ஜப்பானின் யாத்திரைப் பாதைகளிலும் உண்டு. அங்கே குமானோ கோடோ பாதையில் முத்திரை குத்த ஆள் தேட வேண்டாம். வழியிலுள்ள சிறு கோயில்களருகே மரப்பெட்டியில் முத்திரை இருக்கும், நாமே குத்திக்கொள்ளலாம். ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள 88 கோயில் பாதையில் அப்படி முடியாது. அங்கே கோயில் அலுவலகத்தில் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும், மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். அன்றைய கடைசிக் கோயிலுக்கு நாலரைக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.