பிட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் குதிரை கேட்குமா?

புது பிட் (கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் இருக்கும் இரும்பு) போட்ட அன்று குதிரை சொன்னதை அருமையாகக் கேட்கும். சில சவாரிகள் போனதும் பழைய கதைதான். தலையை வானத்துக்குத் தூக்கும், இல்லையென்றால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், நாக்கை பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளும். உடனே அடுத்த பிட். இப்படிப் பெட்டி நிறைய இரும்பு சேர்த்து, முறைவைத்து மாட்டுகிறவர்கள் உண்டு. மாற்றுவது தவறில்லை. ஆனால் முதல் நாள் கிடைக்கும் அந்தப் பணிவு பெரும்பாலும் வாயில் புதிதாக ஏதோ இருக்கிறதே என்ற குழப்பம்தான். அதைப் பயிற்சியின் பலன் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, வாய்க்குள் பார்க்காமலேயே மாற்றுவது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு இருக்கிறதல்லவா, பிட் அந்த இடத்தில்தான் இருக்கும். அங்கே எலும்புக்கு மேலே மெல்லிய சதைதான். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்று சின்னதாக ஒன்று முளைத்திருக்கும். இரும்பு அதில் இடித்தால் எந்தக் குதிரையும் தலையை உதறத்தான் செய்யும். தவிர, இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் வரும் காலம். நாம் சவாரிக்குப் பழக்குவதும் அதே வயதில்தான்.

பின்லாந்தில் பந்தயம் முடிந்த கையோடு 261 டிராட்டர் குதிரைகளின், அதாவது வண்டி பூட்டிப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளின், வாயைச் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்கு பிட் படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது. வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே. ஆகவே உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது போதாது. குதிரைப் பல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் விளக்கடித்து உள்ளே பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் கடுமையான பிட்டுக்கே போவது. நெம்புகோல் இல்லாத எளிய பிட்டான சாதா ஸ்நாஃபிளில் தொடங்கி, முறுக்குக் கம்பி, அப்புறம் நெம்புகோல் போல அழுத்தும் கர்ப், காக் என்று ஏறிக்கொண்டே போவார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன், குறைந்தது இரண்டு பிட்டாவது வைத்திருக்கச் சொல்கிறார்: ஒன்று வழுவழுப்பானது, மற்றது முள் வைத்தது. முரட்டு பிட்டைக் கவ்வ மனமில்லாமல் குதிரை விட்டுவிடும், பிறகு மென்மையானதைப் போட்டால் அதிலும் அதே மாதிரி நடக்கும் என்பது அவர் கணக்கு. முள் இன்று வேண்டாம். இந்தியாவில் 1965ஆம் ஆண்டு விதிகளின்படி முள் வைத்த பிட் சட்டவிரோதமும்கூட. ஆனால் கடைசியில் மென்மையான பிட்டில் வந்து நிற்க வேண்டும் என்ற அவர் யோசனையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

பிட்டிலிருந்து தப்பிக்கக் குதிரை செய்யும் எல்லா ஏய்ப்புக்கும் ஒரே மருந்து கிடையாது. நாக்கை மேலே போட்டுக்கொள்ளும் குதிரைக்கு பிட் மிகவும் கீழே தொங்கிக்கொண்டிருக்கலாம், நாக்கை நசுக்கிக்கொண்டும் இருக்கலாம். தாடையை நெஞ்சோடு ஒட்டுகிற குதிரை பெரும்பாலும் சவாரி செய்பவரின் கைக்குப் பயந்தது. அதற்கு இன்னும் கடுமையான பிட் போட்டால் இன்னும் சுருண்டுகொள்ளும். தடித்த பிட் எப்போதும் மென்மையானது என்பதையும் நம்பிவிடாதீர்கள். நாக்கு தடித்து, வாய் சிறிதாக இருந்தால் அது வாயையே அடைத்துவிடும்.

பிட்டை மாற்றிவிட்டு, அதைத் தாங்கும் கன்னவாரைப் பழைய துளையிலேயே விட்டுவிடுவது ரொம்ப சகஜம். வளையத்தின் அளவு மாறினால் பிட் நிற்கும் உயரமும் மாறும். ஒவ்வொரு முறையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வாயைத் திறக்கிறதே என்று மூக்குவாரை இறுக்குவது இதைவிட மோசம். வலி அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழைய இடம் விடுங்கள்.

கை மாறாமல் இரும்பு மட்டும் மாறினால் என்ன பயன்? குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் விலகும் கணத்தில். தலையை உதறியதும் கையில் பிடித்த வாரைத் தளர்த்தினால், உதறுவதுதான் சரி என்று அதற்குப் பாடம். உதறியதும் இறங்கிப் போய் வேறு பிட் எடுத்துவந்தாலும் அப்படித்தான். அதற்குக் கிடைத்த ஓய்வு இருக்கிறதே! குதிரை கழுத்தைத் தளர்த்தி, சொன்னதைக் கேட்ட அந்த நொடியில் கை விட்டுக்கொடுக்க வேண்டும். இது வராதவரை எந்த பிட்டும் சில நாள்தான் வேலை செய்யும்.

சரி, எப்போது மாற்றலாம்? அழுத்தம் விழும் இடம் வேறுபடும் இரண்டு மென்மையான பிட்டுகளை, உதாரணமாக நடுவில் மூட்டுள்ள ஒன்றையும் மூட்டில்லாமல் லேசாக வளைந்த ஒன்றையும், மாற்றி மாற்றிப் போடலாம். ஒரே இடம் தினமும் அடிவாங்காது. அதே வாரத்தில் சேணத்தையும் மூக்குவாரையும் சேர்த்து மாற்றாதீர்கள்; எதனால் சரியானது என்று பிறகு தெரியாது. வாயில் புண் இருந்தால் ஆறும்வரை பிட்டே வேண்டாம். பிட் இல்லாமல் மூக்கை அழுத்தும் கடிவாளம் போடலாம். ஆனால் அதில் நீண்ட கம்பி வைத்த ஹேக்கமோர் என்ற வகை வாயை விட்டுவிட்டு மூக்கெலும்பை நெரிக்கும் என்பதால், மூக்குவாரிலேயே கைவாரைக் கட்டும் சாதாரண வகையே மேல். அதையும் முதலில் வேலி போட்ட களத்துக்குள் பழக்கிவிட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்.