பாஸ்வேர்ட் சரி, ஹோம் ஃபோல்டரைக் காணோம்: சிறிய நெட்வேர்க்கில் பிழை தேடும் முறை

திருகோணமலையில் ரியூசன் நிலையம், அச்சகம், நிலாவெளிப் பக்கத்து விடுதி என்று எட்டுப் பத்துக் கணினிகள் உள்ள இடங்கள் நிறைய. அங்கே லினக்ஸ் போட்டு, எல்லாருடைய ஹோம் ஃபோல்டரையும் ஒரு சேர்வரில் வைத்துப் பகிர்வது நல்ல ஏற்பாடு. பிள்ளை எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் கண்முன் இருக்கும். பேக்கப்பும் ஒரே இடத்தில் எடுத்தால் போதும். ஆனால் மாரி காலத்தில் கரண்ட் நாலு தரம் போய் வந்தால், "சேர், லொகின் ஆகுதில்லை" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். அந்த நேரத்தில் எங்கே தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சேர்வரில் உபுண்டு அல்லது டெபியன் (இரண்டும் லினக்ஸ் வகைகள்), கோப்புப் பகிர்வுக்கு என்எஃப்எஸ், கணக்குகளை ஒரே இடத்தில் வைக்க எல்டாப், அந்தக் கணக்குகளைச் சேர்வரிடம் கேட்டுத் தரும் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை ஒவ்வொரு கணினியிலும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலில் மனதில் பதியுங்கள். லொகின் என்று நாம் சொல்வது இரண்டு வேலை. இவர் யார், பாஸ்வேர்ட் சரியா என்று பார்ப்பது எல்டாப் பக்கம். இவருடைய கோப்புகளைக் கொண்டுவந்து தருவது என்எஃப்எஸ் பக்கம். இரண்டும் தனித்தனியாகக் கெடும். எது கெட்டது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால் ஒரு பிழை இரண்டாகும்.

படி 1: கறுப்புத் திரையில் லொகின் செய்து பாருங்கள்

பாஸ்வேர்ட் கொடுத்ததும் திரை ஒருமுறை மின்னி மறுபடி லொகின் பக்கத்துக்கே வருகிறதா? அந்தப் படத்திரையிலிருந்து எதுவும் விளங்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். அங்கே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள்.

பாஸ்வேர்டையே ஏற்காவிட்டால் படி 2ஐ முடித்துவிட்டுப் படி 3க்குப் போங்கள். ஏற்றுக்கொண்டு, ஹோம் டைரக்டரி (ஹோம் ஃபோல்டர்தான்) இல்லை என்று ஒரு வரி காட்டினால் படி 2, அதன் பிறகு படி 5. உள்ளே போய்க் கோப்புகளும் தெரிந்தால், "டிஎஃப் -எச்" கட்டளையால் சேர்வர் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 100% என்று காட்டினால் காரணம் அதுதான். டெஸ்க்டொப் திறக்கும்போது ஹோம் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லையென்றால் அது வெளியே தள்ளிவிடும். இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் படி 4ஐப் பாருங்கள்.

படி 2: கேபிள், முகவரி

"பிங்" கட்டளையால் சேர்வரைக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் முதலில் கேபிளைக் கழற்றி, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டிய இடங்களில் மலிவான கனெக்டரின் எட்டுச் செம்புத் தகடுகளும் மெல்லப் பச்சை பிடிக்கும். பார்வைக்கு நன்றாகச் செருகியிருக்கும், ஆனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் அடிப்பதுதான் வழி.

சேர்வருக்கு மாறாத முகவரி இருக்க வேண்டும். ரவுட்டரை மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரி கொடுத்திருக்கலாம், புதியது 192.168.8 என்று கொடுக்கலாம். எந்த ஃபோல்டரை யாருக்குப் பகிரலாம் என்று எழுதி வைக்கும் சேர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் பழைய வரிசைக்கு மட்டும் அனுமதி எழுதியிருந்தால், ஒரு கணினிக்கும் ஹோம் ஃபோல்டர் கிடைக்காது.

படி 3: கணினிக்கு அந்த ஆளைத் தெரிகிறதா?

பிரச்சினை உள்ள கணினியில் "ஐடி நிலா" என்று அடியுங்கள் (நிலா என்பது பயனர் பெயர்). அப்படி ஒருவர் இல்லை என்று வந்தால் எஸ்எஸ்எஸ்டி ஓடுகிறதா, எல்டாப் பயன்படுத்தும் வாயிலான சேர்வரின் 389 அல்லது 636 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆளைத் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்கவில்லையென்றால் கணினியின் நேரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது தான் யார் என்று நிரூபிக்கச் சேர்வர் காட்டும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராத ஒன்றாகத் தெரியும், எஸ்எஸ்எஸ்டி அதை நம்பாது. கர்பரோஸ் என்ற ஆள் சரிபார்க்கும் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இயல்பாகவே 5 நிமிட வித்தியாசம்தான் எல்லை. நேர வலயத்தையும் பாருங்கள். வலயம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க, யாரோ கையால் மணியைத் திருத்தியிருந்தால் கடிகாரம் சரியாகத்தான் தெரியும், உள்ளே ஐந்தரை மணி நேரம் பிசகியிருக்கும்.

இன்னொன்று: சேர்வரில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஒரு கணினியில் மட்டும் பழையது வேலை செய்கிறதா? அந்தக் கணினியில் அதே பெயரில் உள்ளூர்க் கணக்கு ஒன்று இருக்கலாம். உபுண்டு உள்ளூர்ப் பட்டியலை முதலில் பார்த்துவிட்டுத்தான் நெட்வேர்க்கைக் கேட்கும்.

படி 4: பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் நிதானமாக வாசியுங்கள்.

லினக்ஸ் கோப்பின் சொந்தக்காரரைப் பெயரால் எழுதி வைப்பதில்லை, எண்ணால் எழுதி வைக்கிறது. உபுண்டுவை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என்று போகும். எல்டாப் வருவதற்கு முன்பு ஒவ்வொரு கணினியிலும் கையால் கணக்குகள் போட்டிருந்தால், ஒன்றில் நிலா 1001, இன்னொன்றில் கபிலன் 1001 என்று ஆகியிருக்கும். சாதாரண அமைப்பில் என்எஃப்எஸ் சேர்வர், கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்பும். அதனால் இரண்டாவது கணினியில் வேறு எண் உள்ள நிலாவுக்குத் தன் கோப்பையே திறக்க முடியாது. அதைவிட மோசம், அந்த இன்னொரு கணினியிலிருந்து கபிலன் அவளுடைய கோப்புகளைத் திறக்கலாம், அழிக்கலாம். மாணவர்களின் வேலைகள் இருக்கும் இடத்தில் இதைச் சும்மா விடக்கூடாது.

"எல்எஸ் -எல்என்" என்று அடித்தால் கோப்புகளின் சொந்தக்காரர் எண்ணாகவே தெரியும். அந்த எண்ணையும் "ஐடி நிலா" தரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் கணினியில் உள்ள உள்ளூர்க் கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது அவருடைய ஹோம் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். அதன் பிறகு சேர்வரில் "சிஎச்ஓன்" கட்டளையால் கோப்புகளைச் சரியான எண்ணுக்கு மாற்றுங்கள். இதைச் சேர்வரில் இருந்தே செய்ய வேண்டும். கணினியில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக) நின்று முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். அது பிழை இல்லை. வெளியிலிருந்து வரும் ரூட்டைச் சேர்வர் சாதாரண ஆளாக இறக்கிவிடுகிறது, பாதுகாப்புக்காக. அதை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

படி 5: ஹோம் ஃபோல்டர் வராவிட்டால்

கணினியில் "ஷோமவுண்ட் -ஈ" கட்டளையோடு சேர்வரின் பெயரைக் கொடுங்கள். பட்டியல் வந்தால் சேர்வர் பகிர்கிறது. பட்டியல் வராவிட்டாலும், என்எஃப்எஸ் 4ஆம் பதிப்புக்கு 2049 போர்ட் ஒன்றே போதும் என்பதால், அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு இடைவெளியால், ஒரு முகவரிக்கு என்று எழுதிய அனுமதி உலகத்துக்கே போய்விடும். திருத்தியதும், அது நடைமுறைக்கு வரச் சேர்வரில் "எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ" அடியுங்கள். "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" (பழைய கோப்புத் தொடர்பு இனிச் செல்லாது) என்று வந்தால் கணினியில் அன்மவுண்ட் செய்து (பகிர்ந்த ஃபோல்டரைக் கழற்றி) மறுபடி மவுண்ட் செய்தால் (இணைத்தால்) பெரும்பாலும் சரியாகும்.

கரண்ட் வந்ததும் கணினிகள் முந்திக்கொண்டு எழும்பி, சேர்வர் பிந்தினால் நடப்பதுதான் மிகவும் கவலைக்குரியது. மவுண்ட் நடக்காது. ஆனால் எஸ்எஸ்எஸ்டி முன்பு சேமித்து வைத்த பாஸ்வேர்டால் லொகின் ஆகலாம். ஹோம் ஃபோல்டர் இல்லாவிட்டால் தானே உருவாக்கும் அமைப்பும் இருந்தால், கணினியின் சொந்த டிஸ்க்கில் வெறும் ஃபோல்டர் ஒன்று பிறக்கும். பிள்ளை அதில் ஒரு மணி நேரம் வேலை செய்து சேமிப்பாள். மறுநாள் மவுண்ட் சரியாக வந்ததும் அந்தக் கோப்புகள் மறைந்துவிடும். அழியவில்லை, மவுண்டுக்கு அடியில் கிடக்கின்றன. யாரும் லொகினில் இல்லாதபோது அன்மவுண்ட் செய்து பாருங்கள், அங்கேயே இருக்கும். சேர்வருக்கு எடுத்துவிடலாம்.

மறுபடி நடக்காமல் இருக்க, ஒவ்வொரு கணினியிலும் மவுண்டைக் கழற்றிய நிலையில், வெறும் /ஹோம் ஃபோல்டருக்கு "சிஎச்ஏடிடிஆர் +ஐ" கொடுங்கள். பிறகு மவுண்ட் இல்லாதபோது அதற்குள் ரூட்டாலும் புதிய ஃபோல்டர் உருவாக்க முடியாது. லொகின் தோற்கும், உங்களைக் கூப்பிடுவார்கள், வேலை தொலையாது. இதற்கு முன் உள்ளூர் நிர்வாகக் கணக்கின் ஹோம் ஃபோல்டரை /ஹோமுக்கு வெளியே மாற்றிவிடுங்கள்.

யூபிஎஸ் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதில் சேர்வரையும் கேபிள்கள் வந்து சேரும் நெட்வேர்க் சுவிட்ச்சையும் மட்டும் போடுங்கள். அதுவும் இல்லையென்றால், கரண்ட் போனதும் கணினிகளின் சுவரடிச் சுவிட்ச்சை நிறுத்தி வையுங்கள். வந்த பிறகு நெட்வேர்க் சுவிட்ச், சேர்வர் இரண்டையும் முதலில் போட்டு, சேர்வரில் லொகின் பக்கம் வந்ததும் மற்றவற்றைப் போடுங்கள்.