ஆங்கிலச் சொல்லை அதன் ஒட்டுகளில் பிரித்துப் படிக்கும் முறை

கொழும்பில் ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. அரச நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் மும்மொழியிலும் எழுதப்படுவதால், நீண்ட ஆங்கிலச் சொல்லொன்றின் பொருளை அருகிலுள்ள தமிழைக் கொண்டே அறியலாம். கடவுச்சீட்டு எடுக்கப் பத்தரமுல்லைக்குச் செல்பவர்கள், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரைச் சற்று நின்று பாருங்கள். இமிக்ரேஷன், எமிக்ரேஷன் என்னும் இரண்டிலும் அடியும் இறுதியும் ஒன்றே. உள்ளே என்று பொருள்படும் 'இன்' முன்னால் சேர்ந்தால் குடிவரவு. வெளியே என்று பொருள்படும் 'ஈ' சேர்ந்தால் குடியகல்வு. இவ்வாறு அடிச்சொல்லின் முன்னாலோ பின்னாலோ சேரும் உறுப்பே ஒட்டு.

முதற்சொல்லில் 'எம்' எழுத்து இரட்டித்தும் மற்றதில் தனித்தும் வருவதன் காரணமும் இங்கேயே தெரிகிறது. 'இன்' என்பதன் ஈற்றொலி அடுத்துவரும் 'எம்' ஒலியோடு இயைந்து அதுவாகவே மாறிவிடுகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. எதிர்மறை தரும் இன்னொரு 'இன்' ஒட்டும் இவ்வாறே திரிந்து, இல்லீகல் என்பதில் 'எல்' எழுத்தையும் இர்ரெகுலர் என்பதில் 'ஆர்' எழுத்தையும் இரட்டிக்கச் செய்கிறது. இம்பொசிபிள் என்பதில், உதட்டில் பிறக்கும் ஒலிக்கு முன் 'இம்' ஆகிறது. டிஸ், மிஸ், அன் முதலியவை பொதுவாக இப்படித் திரிவதில்லை. எழுத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் சேர்த்தெழுதினால் போதும். டிஸப்பொயின்ட் என்பதில் ஓர் 'எஸ்' எழுத்தும், மிஸ்பெல் என்பதில் இரண்டும் வருவது அதனால்தான்.

பின்னொட்டு பெரும்பாலும் சொல்லின் வகையை மாற்றும். ஹப்பி என்னும் பெயரடை ஹப்பினஸ் என்னும் பெயர்ச்சொல்லாகும்போது இறுதி 'வை' எழுத்து 'ஐ' ஆகிறது. யூஸ் என்பதன் இறுதி 'ஈ' எழுத்து யூஸபிள் என்பதில் மறைகிறது. ஆனால் நோட்டிஸபிள் என்பதில் அது மறைவதில்லை. மறைந்தால் அதற்கு முன்னுள்ள 'சீ' எழுத்தைக் ககர ஒலியாகப் படிக்க நேரிடும்.

எழுத்தைவிட நம்மவரை அதிகம் இடறச் செய்வது அழுத்தம், அதாவது சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட அழுத்தி ஒலிப்பது, என்பது என் கருத்து. தமிழில் அசையழுத்தம் பொருளை வேறுபடுத்தாததால் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கொழும்பு மாநகர சபையின் பெயரிலுள்ள மியுனிசிபல் என்னும் சொல்லில் அழுத்தம் 'னிஸ்' அசையில் விழுகிறது. 'இட்டி' என்னும் ஒட்டுச் சேர்ந்து மியுனிசிபாலிட்டி ஆனவுடன் அது 'பால்' அசைக்கு நகர்கிறது. தேசிய வைத்தியசாலையின் பெயரிலுள்ள நெஷனல் என்பதன் அடிச்சொல் நேஷன். இங்கே ஒட்டு முதல் உயிரொலியையே மாற்றிவிட்டது. 'னஸ்', 'லி' போன்ற ஒட்டுகள் அழுத்தத்தை நகர்த்துவதில்லை. ஆகவே புதிய ஒட்டொன்றைக் கற்கும்போது அதன் பொருளோடு, அழுத்தத்தை அது நகர்த்துமா என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் பவுசர்களில் காணப்படும் இன்ஃப்ளமபிள் என்னும் சொல்லை 'தீப்பற்றாதது' என்று பிரித்துவிடாதீர்கள். அதன் 'இன்' எதிர்மறை ஒட்டன்று. எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். பிரித்தறிந்த பொருளை அகராதியில் ஒருமுறை சரிபார்த்த பின்னரே குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும்போது அகரவரிசையை விட்டு, நேஷன், நெஷனல், நெஷனலிட்டி, இன்டர்நெஷனல் என்று ஓரடியில் பிறந்தவற்றை ஒரே பக்கத்தில் சேருங்கள்.