ஆஞ்சியோ மேஜையில் வி.ஆர். கண்ணாடி: பயந்திருப்பவருக்கு மாட்டிவிடும் முறை

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ செய்யும்போது நோயாளி விழித்தேதான் இருப்பார். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோவோம். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் படுத்திருப்பவருக்கு அது நீண்ட நேரம். அறை ஜில்லென்று இருக்கும், நெஞ்சுக்கு மேலே சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி சுற்றும், சுற்றி நிற்பவர்கள் முகமே தெரியாது. பயம் கூடினால் மணிக்கட்டு ரத்தக்குழாய் இறுகிக்கொள்ளும், கை கடுக்கும், குழாய் நகராது. அதனால் பயத்தைக் குறைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். தஞ்சாவூரில் ஒரு கேத் லேபில், அதாவது ஆஞ்சியோ செய்யும் அறையில், நர்ஸாக இருக்கிறேன். பயந்திருப்பவருக்கு வி.ஆர். கண்ணாடி, அதாவது கண்ணை மூடி வேறொரு இடத்தில் இருப்பதுபோலவே காட்டும் ஹெட்செட், மாட்டிவிடுவதில் எனக்குப் பழகிய முறையைச் சொல்கிறேன்.

இதன் அடிப்படை எளிது. மனம் வேறு இடத்தில் ஆழ்ந்திருந்தால் வலியையும் பயத்தையும் கவனிக்க அதற்கு இடம் குறைவு. அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் இருவரும் 1990களிலேயே தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். இது மரப்பு ஊசிக்கோ தூக்க மருந்துக்கோ மாற்று இல்லை, கூடவே வரும் துணை.

முதலில் யாருக்கு வேண்டாம் என்று பாருங்கள். மாரடைப்போடு அவசரமாக வந்தவர், வலிப்பு நோய் உள்ளவர், தலைசுற்றல் உள்ளவர், கண்ணில் புதிதாக ஆபரேஷன் ஆனவர், முகம் மூடினாலே மூச்சுமுட்டுகிறது என்பவர், இவர்களுக்கெல்லாம் மாட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. இந்தக் கருவிகளில் காந்தம் இருக்கிறது, அது பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பலாம்.

அடுத்தது ஒத்திகை. மேஜையில் படுத்த பிறகு முதல்முறையாக மாட்டினால் அதுவே ஒரு பயம். வார்டிலேயே, படுக்கவைத்து, ஐந்து நிமிடம் காட்டுங்கள். உட்கார்ந்து பார்க்கிற காட்சியைப் படுத்துப் பார்த்தால் வானமும் கூரையும்தான் தெரியும், அதனால் படுத்த நிலையில் காட்சியை ரீசெட் செய்யவேண்டும். பின்பட்டை கெட்டியாக இருந்தால் தலையணையில் அழுத்தும், துணிப்பட்டை நல்லது. கருவி அரை கிலோ எடை, மூக்குத்தண்டில் இறங்காமல் பாருங்கள்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு தவறு செய்தேன். எல்லோருக்கும் கடற்கரைதான் போடுவேன், அழகாக இருக்குமே என்று. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் அதையே போட்டேன். அலைச் சத்தம் கேட்டதும் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மானிட்டரில் துடிப்பு ஏறியது. "வேணாம்மா, தண்ணி வருது" என்றார். 2004 சுனாமி எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே கழற்றிவிட்டு, கையைப் பிடித்தபடியே ஆஞ்சியோ முடியும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து, "எந்த இடத்துல இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?" என்று கேட்காமல் நான் எதையும் போடுவதில்லை. வயல் வரப்பு என்பார்கள், கோயில் பிரகாரம் என்பார்கள். எதுவானாலும் கேமரா ஒரே இடத்தில் நிற்கிற காட்சியாக இருக்கட்டும். பறப்பது, ஓடுவது எல்லாம் குமட்டலைக் கொண்டுவரும்.

லேபுக்குள் போனதும் டாக்டரிடமும் டெக்னீஷியனிடமும் ஹெட்செட் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சி-ஆர்மைத் தலைப்பக்கம் சாய்க்கும்போது அதில் படம் பிடிக்கும் பகுதியான டிடெக்டர் முகத்துக்கு மிக அருகில் வரும், முன்னால் துருத்தி நிற்கும் கண்ணாடியில் இடித்துவிடும். நோயாளி கையில் ரிமோட் தர வேண்டாம், கையை அசைக்கக் கூடாதே. சத்தத்தைக் குறைவாக வையுங்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் அவர் காதில் விழ வேண்டும்.

இனி முக்கியமான இடம். கண்ணாடி மாட்டினால் முகத்தில் பாதி மறைந்துவிடும். வெளிறுவதும் நெற்றி வியர்ப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று துடிப்பும் பிரஷரும் இறங்குகிறவருக்கு முதல் அடையாளமே பல சமயம் அந்த வியர்வைதான். எனவே மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அடிக்கடி அவர் தோளைத் தொட்டு, "ஐயா, எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தொடப்போவதையும் முன்பே சொல்லிவிடுங்கள், கண் மறைந்திருப்பவர் திடுக்கிடுவார். ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான டை மருந்தைச் செலுத்தினால் சில சமயம் உடம்பெல்லாம் சூடு பரவும். "இப்ப ஒரு சூடு வரும், உடனே போயிடும்" என்று முன்கூட்டியே சொன்னால் பதறமாட்டார். நெஞ்சு வலித்தால் காட்சி முடியட்டும் என்று காத்திருக்காமல் சொல்லவேண்டும் என்பதையும் வார்டிலேயே சொல்லி வையுங்கள். கழற்றச் சொன்னால் அந்த நொடியே கழற்றுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

முடிந்ததும் சட்டென்று உருவாதீர்கள். முதலில் சத்தத்தைக் குறைத்து, "முடிஞ்சிருச்சு, கண்ணை மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள், லேப் வெளிச்சம் கண்ணைக் கூசும். முகத்தில் படும் உறையை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். வெளிப்பக்கத்தை கிருமிநாசினித் துணியால் துடைக்கலாம். லென்ஸில் மட்டும் ஸ்பிரிட் பட விடாதீர்கள், உலர்ந்த மென்துணி போதும். அப்புறம் சார்ஜில் போட்டுவிடுங்கள்.