டெல்லி – டோக்கியோ: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

சைன், கொசைன் பொத்தான் உள்ள கால்குலேட்டர் போதும். செல்போனில் இருப்பதைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தப் பொத்தான்கள் வந்துவிடும். முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வர வேண்டும். –0.988 வந்தால் அது ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது. டிகிரிக்கு மாற்றாமல் தொடர்ந்தால் எல்லாமே தப்பாகும்.

படி 1: நேர்தூரம்

டெல்லி விமான நிலையம்: அட்சரேகை 28.57, தீர்க்கரேகை 77.10. டோக்கியோ ஹனேடா: 35.55, 139.78. தீர்க்கரேகை வித்தியாசம் 62.68.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.278. இரண்டின் கொசைன்களோடு 62.68-இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.328. கூட்டினால் 0.606. இதற்குத் தலைகீழ் கொசைன் (cos⁻¹ பொத்தான்) 52.7 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்பதால், தூரம் சுமார் 5,860 கி.மீ.

படி 2: விமானம் போகும் வழி

தொடக்கநிலையில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மேலே கிடைத்த கோடு திபெத் பீடபூமியைக் கடந்து போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜனோ ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத்தான். அதனால் வழக்கமான பாதை தெற்கே வளைந்து வங்காளம், மியான்மர், தென்சீனம் வழியாகப் போகிறது.

அந்த வளைவை மூன்று துண்டாக்கிப் படி 1-ஐத் திரும்பச் செய்யுங்கள். டெல்லி–கொல்கத்தா 1,310, கொல்கத்தா–குன்மிங் (தென்சீன நகரம்) 1,500, குன்மிங்–ஹனேடா 3,700. மொத்தம் 6,510 கி.மீ. உண்மைப் பாதை இந்த ஊர்களின் நேர் மேலே போகாது, தினமும் கொஞ்சம் மாறும். நம் கணக்குக்கு 6,500 என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: காற்று

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. காற்றே இல்லையென்றால் 7 மணி 13 நிமிடம். ஆனால் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு. முழு வழிக்கும் சராசரியாக 100 என்று எடுத்துக்கொண்டால்:

போகும்போது 6,500 ÷ 1,000 = 6.5 மணி.
வரும்போது 6,500 ÷ 800 = 8.125 மணி.

போகும்போது மிச்சம் 43 நிமிடம். வரும்போது இழப்பு 54 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இரண்டும் ஈடாகாது. இன்னொன்று: 8.125 என்பது 8 மணி 12 நிமிடம் அல்ல. 0.125-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 8 மணி 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 45 நிமிடம் கூட்டுங்கள். போக 7 மணி 15 நிமிடம், வர 8 மணி 53 நிமிடம். காற்று இன்னும் பலமாக இருந்தால் திரும்பும் பயணம் 9 மணி நேரத்தைத் தாண்டும்.

படி 4: டிக்கெட்டில் உள்ள நேரம்

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் நமக்கு 3 மணி 30 நிமிடம் முன்னால். இரு நாடுகளிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. இரவு 8:00-க்கு டெல்லியில் கிளம்பினால் டோக்கியோவில் காலை 6:45. பார்வைக்கு 10 மணி 45 நிமிடம்போல் தெரியும். அதில் 3:30-ஐக் கழியுங்கள். டோக்கியோவில் காலை 11:00-க்குக் கிளம்பினால் டெல்லியில் மாலை 4:23. பார்வைக்கு 5 மணி 23 நிமிடம்தான். இங்கே 3:30-ஐக் கூட்ட வேண்டும்.