‘ரன்’ என்றால் ஓடு மட்டுமா? பொருள் பிடிக்க ஒரு வழி

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதிக்காக ‘ரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் பிரித்தார். ஒன்பது மாத வேலை. நாம் அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லில் பலமுறை நின்றுபோன பிறகு எனக்குக் கைவந்த வழி இது.

படி 1: ஓடுவது எது?
ஆள் என்றால் ஓடுகிறார். மூக்கு என்றால் ஒழுகுகிறது. துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது. பேருந்தும் படமும் தமிழிலும் ஓடுகின்றன, அங்கே யோசிக்கவே வேண்டாம்.

படி 2: செயப்படுபொருள் இருக்கிறதா?
‘ஷி ரன்ஸ்’ என்றால் ஓடுகிறாள். ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளி நடத்துகிறாள். தமிழில் ஓடு–ஓட்டு, இயங்கு–இயக்கு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனி உருவம் உண்டு. ஆங்கிலத்தில் சொல் மாறாது. ‘தி புரோகிராம் ரன்ஸ்’: நிரல் இயங்குகிறது. ‘ரன் தி புரோகிராம்’: நிரலை இயக்கு.

படி 3: ஒட்டிவரும் சின்னச் சொல்
நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ‘வீ ரேன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்பதில் ‘ரன்’, ‘அவுட்’ இரண்டையும் தனித்தனியாக அகராதியில் தேடினேன். வெளியே ஓடுவது என்றுதான் வந்தது. உண்மையில் அது ஒரே வினை: தீர்ந்துபோவது. அது தெரிந்த பிறகும் ‘நாங்கள்’ என்று தொடங்கினால் வாக்கியம் முடியவே இல்லை. சிக்கல் எழுவாயில் இருந்தது. ஆங்கிலத்தில் ஆள் எழுவாய், தமிழில் தீர்ந்த பொருள்தான் எழுவாய்: ‘எங்களிடம் காகிதம் தீர்ந்துவிட்டது.’ இது பிடிபட்டதும் பணம் தீர்ந்தது, பொறுமை போனது எல்லாம் தானாக அமைந்தன.

‘ரன் இன்டு’ என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. பின்னால் சுவர் வந்தால் மோதுவது. தேர்தல் பேச்சில் ‘ரன் ஃபார்’ வந்தால் போட்டியிடுவது.

சரி, எந்த அகராதி? தொடக்கத்துக்கு லாங்மேன் கற்போர் அகராதியைத்தான் சொல்வேன். நீளமான பதிவுகளில் பொருள்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டிச் சொல் இருக்கும்; தேடியது சட்டென்று கண்ணில் படும். மெரியம்-வெப்ஸ்டர் பழைய பொருளை முதலில் வைக்கும். சொல்லின் வரலாறு பார்க்க அது நல்லது, அவசரத்துக்கு உதவாது.

பின்சேர்க்கை: ‘ரன் ஓவர்’ பற்றிக் கேட்டிருந்தார்கள். கூட்டம் ‘ரேன் ஓவர்’ என்றால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. கார் ஒருவரை ‘ரேன் ஓவர்’ என்றால் அவர்மேல் ஏறிவிட்டது. முதல் இரண்டு படிகளை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.