பென் டிரைவில் இசைத்தட்டைப் பதியும்போது வரும் சிக்கல்கள்

பென் டிரைவ் செருகும் வசதியுள்ள டர்ன்டேபிளில் (இசைத்தட்டை ஓட்டும் கருவி) பதிவு கெட்டுப்போனால் உடனே பென் டிரைவைக் குறை சொல்ல வேண்டாம். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ கேளுங்கள். இரைச்சலும் கரகரப்பும் அப்போதே இருந்தால் கோளாறு ஊசிப் பக்கம். நேரில் சுத்தமாகக் கேட்டு, ஃபைலில் மட்டும் கெட்டிருந்தால் பதிவுப் பக்கம். இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் மூன்று பென் டிரைவ் மாற்றிவிட்டுக் கடைசியில் ஊசியைப் பார்க்கிறார்கள்.

பென் டிரைவையே கண்டுகொள்ளவில்லை என்றால்

பெரும்பாலும் ஃபார்மேட்தான், அதாவது பென் டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறைதான் காரணம். இந்தக் கருவிகளில் பல ஃபேட்32 என்ற ஃபார்மேட்டை மட்டுமே படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருவதால் விளக்கு மின்னிவிட்டு அணைந்துவிடும். 8 அல்லது 16 ஜிபி ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் ஃபேட்32 தேர்ந்து ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்' முறையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேட்32 ஆக இருந்தும் கருவி ஏற்காமல் போகலாம்.

பெரிய பென் டிரைவ் தேவையும் இல்லை. 128 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, சுருக்காத ஒலியான வேவ் ஃபைல் 10 எம்பிக்குச் சற்று மேல். 45 நிமிட எல்பி (33⅓ சுற்று பெரிய இசைத்தட்டு) ஒன்று எம்பி3-யில் 45 எம்பிக்குள் அடங்கிவிடும்.

ஃபைல் இருக்கிறது, அளவு 0 என்று காட்டுகிறதா? பதிவை நிறுத்தாமல் பென் டிரைவை உருவியிருப்பீர்கள். ஃபைலின் நீளம் பொதுவாகப் பதிவு முடிந்து மூடும்போதுதான் எழுதப்படும். ஸ்டாப் பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னுவது நிற்கும்வரை காத்திருங்கள். தட்டு தானாக நின்றுவிட்டாலும் பதிவு நின்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டு பாதியில் இரண்டாக வெட்டுப்படுவது தானியங்கிப் பிரிப்பின் வேலை. சில நொடி ஒலி தாழ்ந்தாலே பாட்டு முடிந்தது என்று அது முடிவுகட்டும். கர்நாடக இசைத் தட்டில் ஆலாபனையின் இடைவெளிகளை இது சிதைத்துவிடும். அதை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுசாகப் பதிந்து, பிறகு கம்ப்யூட்டரில் பிரியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எம்பி3-யைத் திறந்து மறுபடி எம்பி3 ஆகவே சேமித்தால் தரம் இன்னொரு படி குறையும். எம்பி3டைரக்ட்கட் மென்பொருள் அப்படிக் குறைக்காமல் வெட்டும். வேவில் பதிய வழி இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

ஊசிப் பக்கம்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஊசி தவறாக எடுத்ததை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஒலி மெலிந்து, அடிக்குரலே இல்லாமல் கேட்கிறது என்றால் சிக்னல் ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாகப் போகவில்லை. தட்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள். அதைச் சமன்செய்வது ப்ரீஆம்ப். தனி ரெக்கார்டர் பெட்டியில் பதிகிறவர்கள் டர்ன்டேபிளின் பின்னால் உள்ள ஃபோனோ/லைன் ஸ்விட்சைப் பாருங்கள். மாறாக முழக்கமும் பிசிறலுமாக இருந்தால் ப்ரீஆம்ப் இரண்டு முறை வேலை செய்கிறது. இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

ஓயாத 'உம்ம்' ரீங்காரம் என்றால் எர்த் வயர் கழன்றிருக்கும். அதை ப்ரீஆம்பின் எர்த் திருகில் இறுக்குங்கள், அடாப்டரைச் சிக்னல் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள்.

தட்டின் உள்வட்டம் நெருங்க நெருங்கப் பிசிறல் கூடினால், ஊசிமுனையில் தூசுப் பந்து, தேய்மானம், ஊசி தட்டை அழுத்தும் எடை ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் தவறு. லேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளி அதன் சுவரைச் சிதைக்கும். ஊசியைத் தாங்கி அதன் அசைவைச் சிக்னலாக்கும் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். மேக்னெட் கார்ட்ரிட்ஜ் பலவற்றுக்கு இந்த எடை 1.5 முதல் 2.5 கிராம் வரை. சூட்கேஸ் மாடல்களில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு இதைவிடக் கூடுதல். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சிறு டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். ஊசி தாண்டித் தாண்டி ஓடுகிறதே என்று கார்ட்ரிட்ஜின் மேல் நாணயம் வைப்பது தட்டைக் கொல்லும் வேலை.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினால் கார்ட்ரிட்ஜின் நான்கு கிளிப்புகளில் ஒன்று தளர்ந்திருக்கும். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. சிமிட்டாவால் மெல்ல உருவித் திரும்பச் செருகுங்கள். அங்கே பற்றவைப்பு வேண்டாம், சூடு கார்ட்ரிட்ஜைக் கெடுத்துவிடும்.

1950, 60-களின் தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இரு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. பதிந்தபின் இரு சேனலையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். மோனோ இசை ஊசியைப் பக்கவாட்டில் மட்டுமே அசைக்கும். தூசும் கீறலும் மேலும் கீழுமாகவும் அசைக்கும். கலக்கும்போது அந்த மேல்கீழ் இரைச்சல் தனக்குத்தானே அடிபட்டுப்போகும்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு

எல்பி ஊசி இதற்கு ஆகாது. அதன் முனை சுமார் 18 மைக்ரான். 78-இன் அகலப் பள்ளத்துக்கு 76 மைக்ரான் அளவில் வேண்டும். சின்ன முனை பள்ளத்தின் அடியில் புரண்டு வெறும் இரைச்சலையே எடுக்கும். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும் என்பதால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது.

கருவியில் 78 வேகம் இல்லையென்றால் 45-இல் பதிந்து, ஆடாசிட்டியில் வேகத்தை 73.33 சதவீதம் கூட்டுங்கள். 33⅓-இல் பதிந்திருந்தால் 134 சதவீதம். ப்ரீஆம்பின் சமன்செய்தல் தவறான வேகத்தில் நடந்திருப்பதால் பேஸும் ட்ரெபிளும் இடம் மாறியிருக்கும். ஈக்வலைசரில் காதால் கேட்டுத் திருத்துங்கள்.